நான்காவது அளவு

அத்தியாயம் ஏழு

சேறு படிந்த இருக்கையைத் தமது கடை விளம்பரத்தில் தாமே காட்டும் ஒரு கார் வியாபாரியைத் துப்பறிவாளர் லோஷினி அதுவரை சந்தித்ததில்லை. கெலாங் பாத்தாவில் பழைய கார்களை வாங்கி விற்கும் ஜெயபாலன் அவர்கள் அத்தகையவராக இருந்தார். தமது இணையத்தளத்தை டேப்லெட்டில் திறந்து, வெள்ளி நிறக் கார் ஒன்றின் படத்தை விரலால் பெரிதாக்கி, அவர் லோஷினியின் முன்னால் மரியாதையுடன் நீட்டினார்.

"நல்லா பாருங்க தங்கச்சி. சீட்டு வரைக்கும் சேறு. வெள்ளத்துல மூழ்குன காருன்னு படத்தப் போட்டுத்தான் வித்தேன். தெரிஞ்சே வாங்கிட்டு இப்ப எம்மேல பழி போட்டா எப்படி லா?"

படத்தின் குறுக்கே 'விற்கப்பட்டது' என்ற சிவப்புப் பட்டை ஓடியது. விற்றுவிட்ட கார்களின் படங்களை ஜெயபாலன் அவர்கள் ஒருபோதும் நீக்குவதில்லை. பட்டைகள் பெருகப் பெருகக் கடையில் வியாபாரம் ஓகோவென்று நடப்பதாகப் பார்ப்பவர்கள் எண்ணுவார்கள் என்பது அவருடைய கணக்கு.

லோஷினி நன்றி கூறினார். துப்பறியும் அலுவலகம் தொடங்குவதற்கு முன்பு அவர் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் பணியில் இருந்தவர். பொய் சொல்பவருக்கு உடனே நன்றி சொல்லிவிட வேண்டும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார். நன்றியைக் காதில் வாங்கியவர்கள் மேலும் பேசுவார்கள்.

அவருடைய உதவியாளர் சதாசிவம், ஐம்பதைக் கடந்த முன்னாள் டாக்சி ஓட்டுநர். கடைக்கு வெளியே வந்ததும் தமது தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"மேடம், வெப்சைட்டுல மத்த காரெல்லாம் கல்யாணத்துக்கு வந்த மாதிரி நிக்குது. டயருக்குக்கூட பாலீஷ். இது மட்டும் கருமாதிக்கு வந்திருக்கு. இவ்வளவு நேர்மையான கார் வியாபாரிய நான் பாத்ததே இல்ல. அதான் பயமா இருக்கு."

லோஷினிக்கும் அதே ஐயம்தான். அந்த ஐயத்தை அவரிடம் முதலில் கொண்டுவந்தவர் வாசுகி.

வாசுகி மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராகப் பணிபுரிபவர். அவருடைய தம்பி ஜீவன், இரண்டாவது பாலத்தைக் கடந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றுவந்தார். மழையில் மோட்டார் சைக்கிளில் போகும் தம்பியை எண்ணித் தூக்கம் கெட்ட வாசுகி, ஜெயபாலன் அவர்களின் கடையில் அந்த வெள்ளி நிறக் காரை வாங்கித் தம்பியின் கையில் சாவியைக் கொடுத்தார். ஒரு மழை நாளில், நெடுஞ்சாலையின் நடுவே, காரின் விளக்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அணைந்தன. என்ஜின் நின்றது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. விரிந்திருக்க வேண்டிய காற்றுப்பை விரியவில்லை. ஜீவனின் இடக்காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

அதைவிடக் கொடிய காரியம் மருத்துவமனையில் நடந்தது. பழக்கூடையுடன் நலம் விசாரிக்க வந்த ஜெயபாலன் அவர்கள், தமது தளத்தில் இருந்த சேற்றுப் படத்தை ஜீவனிடம் காட்டினார். வெள்ளத்தில் மூழ்கிய கார் என்று தெரிந்துதான் உன் அக்காள் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினாள் என்றார். ஜீவன் அன்று முதல் அக்காளிடம் பேசவில்லை. மருத்துவமனையிலிருந்து நேராக லாபிஸில் உள்ள தாய்மாமன் வீட்டுக்குச் சென்றுவிட்டார். வாசுகியின் அழைப்புகளை அவர் எடுப்பதுமில்லை.

"எனக்கு அவன் காசு வேணாம்," என்று வாசுகி முதல் சந்திப்பிலேயே லோஷினியிடம் சொல்லியிருந்தார். "அவன் வாயால சொல்லணும். என் தம்பி காதால கேக்கணும். அதுக்கப்புறம் அவன் கடை நின்னா என்ன, நாசமாப் போனா என்ன."

மதிய உணவு இடைவேளைகளில் அவர் சாப்பிடுவதில்லை என்பதையும் லோஷினி பின்னர் அறிந்தார். மோட்டார் சைக்கிளில் வந்து, ஜெயபாலன் அவர்களின் கடைக்கு எதிர்ப்புற நடைபாதையில் நின்று, அவரை இமைக்காமல் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். ஜெயபாலன் அவர்கள் முதலில் கையசைத்தார். பிறகு திரைச்சீலை வாங்கி மாட்டினார்.

வாசுகியிடம் இருந்த சான்று அவருடைய நினைவு மட்டுமே. வாங்குவதற்கு முன்பு தளத்தில் தாம் பார்த்தது பளபளக்கும் காரின் படம் என்றும், அதன் பின்சக்கரத்துக்கு அருகில் ஒரு நீல வாளி இருந்தது என்றும், வாளியின் விளிம்பில் மஞ்சள் துணி தொங்கியது என்றும் அவர் உறுதியாகக் கூறினார். எத்தனை கிலோமீட்டர் ஓடிய கார் என்பது நினைவில்லாதவருக்கு வாளி மட்டும் எப்படி நினைவிருக்கிறது என்று சதாசிவம் கேட்டதற்கு, அதே வாளிதான் தம் வீட்டுக் குளியலறையிலும் இருக்கிறது என்று பதில் வந்தது. லோஷினி அதை நம்பினார். பொய் சொல்லத் துணிந்தவர் தமக்குப் பயன்படும் ஒன்றைக் கற்பனை செய்வார். வாளியைக் கற்பனை செய்யும் அவசியம் எவருக்கும் இல்லை.

ஆகவே படம் மாற்றப்பட்டிருக்க வேண்டும். அதனால்தான் அன்று ஜெயபாலன் அவர்களிடம் விடைபெறும்போதே, இவ்வளவு அழகான தளத்தைப் பராமரிப்பவர் யார் என்று லோஷினி பணிவாக விசாரித்தார். ஜெயபாலன் அவர்கள் மகிழ்ந்து சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த உணவகத்தைக் காட்டினார். அங்கே கல்லாவில் அமர்ந்திருக்கும் நஸீமா கணினி படித்தவர் என்றும், தமக்கு அவ்வப்போது வேலை செய்து கொடுப்பவர் என்றும் கூறினார். சொன்னதைச் சொன்னபடி செய்யும் பெண் என்று பாராட்டவும் தவறவில்லை. உணவகம் இருக்கும் கட்டடமும் தம்முடையதே என்பதைக் கடைசியாகச் சேர்த்துக்கொண்டார்.

உணவகத்தில் நஸீமாவின் தந்தை தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்தார். சதாசிவம் நேராகச் சென்று, மின்விசிறியின் கீழே சாலையைப் பார்த்தபடி இருந்த மேசையில் அமரப் போனார். கல்லாவிலிருந்து நஸீமா எழுந்து வந்தார். முப்பது வயது இருக்கும். முகத்தில் எதையும் காட்டாத பெண்.

"அங்க வேணாம் அங்கிள். அது ஜெயபாலன் அங்கிளோட எடம். சாயந்தரம் வந்துடுவாரு. அங்க உக்காந்தாதான் அவருக்குத் தன்னோட கடை தெரியும். நீங்க இப்படி உள்ள வந்து உக்காருங்க."

அவர் காட்டிய மேசையில் காற்றும் இல்லை, வெளிச்சமும் போதவில்லை. நாற்காலிகள் சுவரைப் பார்த்திருந்தன. சதாசிவம் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

லோஷினி தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, வெள்ளி நிறக் காரின் படம் எப்போதாவது மாற்றப்பட்டதா என்று கேட்டார். நஸீமா தம் தந்தையைத் திரும்பிப் பார்த்தார். பெரியவர் தலை நிமிரவில்லை. தேநீரை மட்டும் தேவைக்கு மேல் நீளமாக இழுத்து ஆற்றினார்.

"ஞாபகம் இல்லக்கா," என்றார் நஸீமா.

ஆனால் அவர் அங்கிருந்து நகரவில்லை. யாரும் கேட்காமலேயே, அந்தத் தளம் எப்படி இயங்குகிறது என்பதை விளக்கத் தொடங்கினார். முன்பெல்லாம் தளம் மிகவும் மெதுவாக இருந்ததாம். ஒவ்வொரு காருக்கும் ஒரே ஒரு பெரிய படம்தான் இருக்கும். யார் பார்க்கிறார்களோ அவர்களுடைய திரைக்கு ஏற்ற அளவில் அதை அந்தந்த நேரத்தில் சுருக்கி அனுப்ப வேண்டும். கூட்டம் வந்தால் சர்வர் திணறும். அதனால் அவர் கேச்சிங் வைத்தார்.

"ஒரு அளவுல ஒரு தடவ சுருக்கிட்டா, அந்தப் படத்த சர்வர் எடுத்து வச்சுக்கும். அடுத்த ஆளு அதே அளவு கேட்டா, வச்சிருக்கறதையே தூக்கிக் குடுத்துடும். பெரிய படத்தத் திரும்பிக்கூடப் பாக்காது."

"காலையில பொரிச்ச கறிபாப்பக் கண்ணாடிப் பெட்டியில வச்சு விக்கிற மாதிரி," என்றார் சதாசிவம்.

"அதேதான் அங்கிள்."

"அப்ப மத்தியானம் குசினியில மசாலாவ மாத்திட்டாலும், பெட்டியில இருக்கறது காலைப் பலகாரம்தான்."

"பெட்டிய யாராவது காலி பண்ற வரைக்கும்."

அப்படி எத்தனை பெட்டிகள் என்று லோஷினி கேட்டார். கைபேசிக்கு ஓர் அளவு, கணினிக்கு ஓர் அளவு, வாட்ஸாப்பில் இணைப்பை அனுப்பினால் தோன்றும் சின்னப் படத்துக்கு ஓர் அளவு, ஆக மூன்று என்றார் நஸீமா. மூன்றையும் காலி செய்துவிட்டால் பழைய படம் போய்விடுமா என்று லோஷினி மீண்டும் கேட்டார்.

"அந்த மூணுலயும் போயிடும்," என்று கூறிவிட்டு நஸீமா கல்லாவுக்குத் திரும்பினார்.

தேநீரும் ரொட்டி சானாயும் வந்தன. லோஷினி சிந்தனையில் ஆழ்ந்தார். ஜெயபாலன் அவர்கள் மூன்று பெட்டிகளையும் காலி செய்யச் சொல்லியிருப்பார். பழைய படம் மண்ணோடு மண்ணாகியிருக்கும். வாசுகியிடம் தோல்வியை ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. சதாசிவமோ வியர்த்து வழிந்தபடி, விசிறியின் கீழே காலியாகக் கிடந்த மேசையை ஏக்கத்துடன் பார்ப்பதும் எதிரே சுவரை வெறிப்பதுமாக இருந்தார். சுவரில் உயரமாக, ஒடுங்கிய ஒரு டிவி தொங்கியது. ஏதோ பானக் கம்பெனி தன் விளம்பரத்துக்காக ஒரு காலத்தில் கொடுத்துவிட்டுப் போனது. இப்போது அதில் கட்டட உரிமையாளரின் கார்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. உரிமையாளர் தம் விளம்பரத்தை ஓடவிடச் சொன்னால் வாடகைக்கு இருப்பவர் எப்படி மறுப்பார்?

சதாசிவத்தின் வாய் அசைவதை நிறுத்தியது. ரொட்டித் துண்டு கையிலேயே நின்றது.

"மேடம். வாளி."

லோஷினி நிமிர்ந்தார். பளபளக்கும் வெள்ளி நிறக் கார். குறுக்கே சிவப்புப் பட்டை. பின்சக்கரத்தருகே நீல வாளி, அதன் விளிம்பில் மஞ்சள் துணி. அடுத்த நொடியில் வேறொரு கார் வந்துவிட்டது.

அந்தப் படம் மீண்டும் சுற்றி வரும் வரை இருவரும் காத்திருந்தார்கள். சதாசிவம் கைபேசியில் பதிவு செய்தார். அதன்பின் லோஷினி எழுந்து கல்லாவுக்குச் சென்று, அந்த டிவியின் அகலம் என்ன அளவு என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

நஸீமா கணிப்பானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எழுநூத்தி இருபது."

"அலமாக்," என்று அதிர்ந்தார் பின்னால் வந்த சதாசிவம். "ரெண்டு ரொட்டிக்கா?"

லோஷினி நடைபாதைக்கு வந்து, தமது கைபேசியில் அந்தப் படத்தின் முகவரியை மட்டும் தனியே திறந்தார். முகவரியின் இறுதியில் கைபேசிக்கான அகலம் ஓர் எண்ணாக நின்றது. திரையில் சேறு தெரிந்தது. அந்த எண்ணை அழித்து எழுநூற்று இருபது என்று எழுதினார். அதே காரின் அதே பெயருள்ள படம், இம்முறை நீல வாளியுடன் வந்தது.

யாருக்கும் தோன்றாத நான்காவது அளவு அது. ஒடுங்கிய டிவி, முதன்முதலில் அந்தக் காரைக் காட்ட முற்பட்ட நாளில், தன் உடம்புக்கு ஏற்ற ஓர் அளவைக் கேட்டிருக்கிறது. சர்வரும் அன்று இருந்த படத்தைச் சுருக்கிக் கொடுத்து, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. பெரிய படம் பின்னர் மாறியதோ மற்ற மூன்று பெட்டிகள் காலியானதோ அதற்குத் தெரியாது. எந்த நாளில் சுருக்கப்பட்டது என்ற விவரமும் படத்துடன் சேர்ந்தே வந்தது. வாசுகி காரை வாங்குவதற்கு முந்தைய மாதம்.

இரண்டு படங்களையும் தேதியையும் தமது வழக்கறிஞருக்கு அனுப்பிய பிறகு லோஷினி வாசுகியை அழைத்தார். பின்னர், சற்றுத் தயங்கி, லாபிஸில் உள்ள ஓர் எண்ணையும் அழைத்தார். அந்த உரையாடல் நீண்டது. முடிவில் மறுமுனையில் இருந்தவர் ஒரே ஒரு நிபந்தனையுடன் இணங்கினார்: கேட்பார், பேச மாட்டார்.

சாயங்காலம் ஜெயபாலன் அவர்கள் சாலையைக் கடந்து வந்து, தம் இடத்தில், தம் கடையைப் பார்த்தபடி அமர்ந்தார். லோஷினி அனுமதி கேட்டு எதிரில் உட்கார்ந்தார். சதாசிவம் தமது கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, சர்க்கரை குறைவான தேநீர் வேண்டும் என்று மிகவும் விரிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தொழிற்சாலைச் சீருடையுடனேயே வாசுகி உள்ளே வந்து, ஜெயபாலன் அவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

ஜெயபாலன் அவர்கள் திகைக்கவில்லை. உட்காரும்மா என்று உபசரித்தார். தம்பிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

சேற்றுப் படம் முதல் நாளிலிருந்தே தளத்தில் இருந்ததா, வேறு படம் எதுவும் இல்லையா என்பதை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ள விரும்புவதாக லோஷினி கூறினார்.

"கோயில்ல வச்சுக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன் தங்கச்சி. மொத நாளே போட்ட படம். வேற படமே கெடையாது."

"ரொம்ப நன்றி சார்," என்றார் லோஷினி.

"கொஞ்சம் திரும்பிப் பாருங்க," என்றார் வாசுகி.

எத்தனையோ மாதங்களாக அந்த மேசையில் தேநீர் அருந்திய ஜெயபாலன் அவர்கள், தமக்குப் பின்னால் இருந்த சுவரை முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தார். ஒரு சிவப்புக் கார் போயிற்று. ஒரு வேன் போயிற்று. வாளி வந்தது. வாசுகி டிவியைப் பார்க்கவில்லை. அவருடைய கண்கள் அந்த முகத்தின் மீதே இருந்தன. அதில் நிறம் வடிவதைக் கடைசிச் சொட்டு வரை அவர் பார்த்தார்.

ஜெயபாலன் அவர்கள் தம்மை மறந்தார். கல்லாவை நோக்கிக் கத்தினார்.

"நஸீமா, இந்தப் படத்த எல்லா எடத்துலயும் எடுக்கச் சொன்னேனா இல்லயா?"

தேநீர் ஆற்றும் ஓசை நின்றது. தம் வாயிலிருந்து வந்தது என்ன என்பது அப்போதுதான் அவருடைய காதுக்கே எட்டியது போலும்.

நஸீமா பற்றுச்சீட்டுகளை அடுக்கியவாறே, ஒவ்வொரு சொல்லாகப் பதில் கூறினார்.

"மூணு எடம் சொன்னீங்க அங்கிள். போனு, கம்ப்யூட்டரு, வாட்ஸாப்பு. மூணுலயும் எடுத்தாச்சு. டிவியப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லல."

லோஷினி அந்தப் பெண்ணைப் பார்த்தார். காற்றில்லாத மேசை, சுவரைப் பார்த்த நாற்காலிகள், கேட்காமலே வந்த விளக்கம், தயங்காமல் வந்த எண் ஆகிய அனைத்தும் அவருக்கு அப்போது புரிந்தன. அது மறதியால் தப்பிய படமே அன்று. நஸீமாவின் கையாலேயே சேற்றுப் படத்தை ஏற்ற வைத்து, எதற்கு என்று சொல்லாமல் அவரைப் பொய்யில் பங்காளியாக்கிய மனிதரின் முதுகுக்குப் பின்னால், அவருக்கு எதிரான சாட்சியை இந்தப் பெண் தினமும் ஓடவிட்டிருக்கிறார். அதற்கு முதுகு காட்டியபடி அவர் தேநீர் குடிப்பதைக் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"வாயத் தொறந்தா வாப்பா கடை போயிடும்க்கா," என்றார் நஸீமா, லோஷினியின் பார்வைக்குப் பதிலாக. "யாராவது ஒரு ஆளு நிமிந்து பாப்பாங்கன்னு இருந்தேன்."

ஜெயபாலன் அவர்கள் தம்மைத் திரட்டிக்கொண்டார். படத்தை மாற்றியது உண்மைதான், அதில் என்ன குற்றம், யார்தான் மாற்றவில்லை என்றார். லோஷினி மேலும் பணிவாகப் பேசினார்.

"சேத்துப் படம், கார் உங்க கைக்கு வந்தப்ப எடுத்தது சார். அதனால கார் மூழ்குனது உங்களுக்குத் தெரியும்னு ஆகுது. வாளிப் படம் விக்கறதுக்காகப் போட்டது. அதனால நீங்க மறைச்சீங்கன்னு ஆகுது. ஒண்ணு மட்டும் இருந்திருந்தா தப்பிச்சிருப்பீங்க. இப்ப ரெண்டும் எங்கிட்ட இருக்கு."

ஜெயபாலன் அவர்கள் பெரியவரின் பக்கம் திரும்பி, மாத முடிவுக்குள் கடையைக் காலி செய்துவிட வேண்டும் என்று மிரட்டினார். பெரியவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். ரிமோட்டை எடுத்து டிவியை நோக்கி நீட்டி, வாளிப் படம் வரும் வரை பொறுத்திருந்து, ஓட்டத்தை அங்கேயே நிறுத்தினார். அதன்பின் அடுத்த வாடிக்கையாளரின் தேநீரை ஆற்றத் தொடங்கினார்.

சதாசிவம் தமது கைபேசியை நிமிர்த்தி வைத்தார். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படாமல் இருந்தது. திரையில் ஜீவனின் பெயர்.

பேச மாட்டேன் என்று சொல்லியிருந்தவர் பேசினார்.

"அக்கா."

வாசுகி கைபேசியின் பக்கம் குனிந்தார்.

"நான் கேட்டுட்டேன்க்கா. மாமா வண்டிய எடுக்கறாரு. நான் வர்றேன். நான் வந்து பாக்கற வரைக்கும் அந்தாள எந்திரிக்க விடாத."

காவல் நிலையத்துக்குத் தகவல் போயிருப்பதையும், அவர்களும் வந்துகொண்டிருப்பதையும் சதாசிவம் மிகுந்த மரியாதையுடன் தெரிவித்தார். சத்தம் கேட்டு வாசலில் கூடியிருந்த லாரி ஓட்டுநர்களும் தொழிற்சாலைப் பெண்களும் வழிவிடும் எண்ணத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

வாசுகி, ஜெயபாலன் அவர்கள் அமர்ந்திருந்த நாற்காலியின் முதுகைப் பற்றி, அவரோடு சேர்த்து அதை முழுவதுமாகத் திருப்பினார். சிமெண்டுத் தரையில் அது கிறீச்சிட்டது. பிறகு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரருகே உட்கார்ந்தார். மாதக்கணக்கில் நின்றே பார்த்தவர் அன்றுதான் உட்கார்ந்து பார்த்தார்.

"டீ குடிங்க," என்றார். "லாபிஸ்லேர்ந்து வரணும். நேரமாகும்."

சாலைக்கு அப்பால் ஒரு குடும்பம் கடை வாசலில் வந்து நின்றது. கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, எவரையும் காணாமல், அடுத்த கடையை நோக்கி நடந்தது. ஜெயபாலன் அவர்களுக்கு அது தெரியவில்லை. அவருடைய முகம் சுவரைப் பார்த்திருந்தது.